உருகிய எரிபொருள் எங்கே போகும்? வேக ஈனுலை விபத்தைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

ஆனி மாதம் பிறந்தால் காட்பாடியில் என் வீட்டுத் திண்ணைக்கு இரண்டு மூன்று மாணவர்களாவது வந்துவிடுவார்கள். ஒருவருக்கு இறுதியாண்டு புராஜெக்ட், இன்னொருவர் பி.எச்டி. சேரப் போகிறவர். தலைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: சோடியம் ஓடும் வேக ஈனுலையில் எரிபொருள் உருகினால் என்ன ஆகும்? (வேகமான நியூட்ரான்களிலேயே ஓடி, எரிப்பதைவிட அதிக எரிபொருளை ஈனக்கூடிய அணு உலை இது; குளிர்விப்பது உருகிய சோடியம்.) மடிக்கணினியைத் திறந்து சிவப்பும் நீலமுமாக ஒரு படத்தைக் காட்டி, "சார், ரிசல்ட் வந்துருச்சு, சரியான்னு மட்டும் பாருங்க" என்பார்கள். "உருகின துளி சோடியத்தைத் தொட்ட இடத்துல எத்தனை டிகிரி?" என்று கேட்பேன். பதில் வராது. உள்ளே போய் டீ சொல்லிவிட்டு வருவேன்.

டீ ஆறுவதற்குள் அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் ஒரு மாதத்துக்கு மென்பொருள் வேண்டாம். ஒரு நோட்டு, சாதாரண கால்குலேட்டர், ஒரு டம்ளர் ஆற்று மணல் இருந்தால் போதும்.

படி 1: படம் வரையுங்கள்

நம்மூர்ப் பாலாறு கடைசியில் கடலில் சேருவது வாயலூரில். அதற்குப் பக்கத்தில்தான் கல்பாக்கம். அங்கே இரண்டு வேக உலைகள் இருக்கின்றன. சிறியது எஃப்.பி.டி.ஆர். என்ற சோதனை உலை; 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலாக இயங்கு நிலையை எட்டியது. பெரியது 500 மெகாவாட் மின்திறனுள்ள முன்மாதிரி வேக ஈனுலை, பி.எஃப்.பி.ஆர். வரைய வேண்டியது இரண்டாவதை.

எரிபொருளை அடுக்கியிருக்கும் நடுப்பகுதிதான் கோர். அதில் 181 எரிபொருள் கட்டுகள்; சப்அசெம்பிளிகள் என்பார்கள். ஒவ்வொன்றும் ஓர் அறுகோணக் குழாய், அதற்குள் 217 பின்கள். ஒரு பின்னின் விட்டம் 6.6 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு பென்சில் கனம். பெருக்கிப் பாருங்கள், 39,277 பின்கள். பின்னுக்குள் யுரேனியம், புளுட்டோனியம் ஆக்சைடு கலந்த வில்லைகள். எரிபொருள் இருக்கும் உயரம் ஒரு மீட்டர். பின்களின் இடுக்கில் சோடியம் கீழேயிருந்து 397 டிகிரியில் நுழைந்து 547 டிகிரியில் மேலே வெளியேறுகிறது. வெப்பத்திறன் 1,250 மெகாவாட். கோர், பம்பு, வெப்பமாற்றி எல்லாம் ஒரே பெரிய தொட்டியில், சுமார் 1,100 டன் சோடியத்தில் மூழ்கியிருக்கின்றன. தொட்டியின் அடியில் ஒரு தட்டு உண்டு. கோர் கேட்சர் என்பார்கள். உருகி விழுவதைத் தாங்கிக்கொள்வது அதன் வேலை.

இதை ஒரு முழுப் பக்கத்தில் கையால் வரையுங்கள். எண்கள் படத்துக்கு மேலேயே இருக்கட்டும். பின்னால் வரும் குழப்பத்தில் பாதி இந்தப் படத்தைப் பார்த்தாலே தீரும்.

படி 2: எத்தனை டிகிரி என்பதைவிட எந்த இடம் என்று கேளுங்கள்

தண்ணீர் உலைகளைப் பற்றிப் படித்துவிட்டு வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். அங்கே நியூட்ரானை மெதுவாக்கத் தண்ணீர் தேவை. கோர் உருகித் தண்ணீரும் போய்விட்டால் தொடர்வினையும் பெரும்பாலும் நின்றுவிடும். மிஞ்சுகிற தலைவலி மிச்ச வெப்பம், அதாவது வினை நின்ற பிறகும் எரிபொருளிலிருந்து வந்துகொண்டே இருக்கும் சூடு மட்டும்தான். வேக உலையில் மெதுவாக்கும் பொருளே கிடையாது. எரிபொருளும் செறிவானது. பின்களுக்கு நடுவே இடைவெளி விட்டு அடுக்கியிருக்கும் நிலை, அந்த எரிபொருளுக்கு வினை மிக அதிகமாக நடக்கும் நிலை அல்ல. உருகி, இடுக்கெல்லாம் அடைபட்டு, ஓரிடத்தில் திரண்டால் வினைத்திறன், அதாவது தொடர்வினை பெருகும் போக்கு, ஏறும். சிதறிப் போனால் இறங்கும்.

இதை முதலில் கணக்காகப் போட்டவர்கள் ஹான்ஸ் பெத்தே, டெய்ட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள், 1956ல். அதற்கு முந்தைய ஆண்டு, நவம்பர் 29 அன்று, அமெரிக்காவின் இடாஹோவில் இ.பி.ஆர்.-1 என்ற சிறிய உலையில் சோதனை நடந்துகொண்டிருந்தபோது கோரின் ஒரு பகுதி உருகியது. பிரித்துப் பார்த்தால், உருகிய உலோகம் திரண்டு கட்டியாக இருக்கவில்லை. குளிர்விக்கும் திரவம் ஆவியாகி அதை ஊதிவிட, ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. எரிபொருள் தானாகவே சிதறும் பக்கம் போனது. எல்லா நேரமும் அப்படியே நடக்கும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். இந்தத் துறை இத்தனை ஆண்டாக உயிரோடு இருப்பது அந்தச் சந்தேகத்தால்தான்.

இன்னொரு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அணு பிளந்ததும் உடனே வராமல் சற்றுப் பிந்தி வரும் தாமத நியூட்ரான்களின் பங்கு யுரேனியம்-235ல் 0.0065, புளுட்டோனியம்-239ல் 0.0021. உலையைக் கையில் பிடித்துவைக்கும் கடிவாளம் இந்தப் பங்குதான். புளுட்டோனியத்தில் அது மூன்றில் ஒரு பங்கு நீளம்.

படி 3: தோற்கும் வரிசையை எழுதுங்கள்

பெரிதாக அலசப்படும் கதை இது: பம்புகள் நிற்கின்றன, நிறுத்தும் கோல்களும் உள்ளே இறங்கவில்லை. பி.எஃப்.பி.ஆரில் ஒன்றையொன்று சாராத இரண்டு நிறுத்தும் அமைப்புகள், 9 கோல்களும் 3 கோல்களுமாக இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து தோற்றால்தான் இந்தக் கதை தொடங்கும். அதை மறந்துவிட்டு மேலே படித்தால் ராத்திரி தூக்கம் போய்விடும்.

வரிசை எளிது. சோடியம் கொதிப்பது 883 டிகிரியில். பின்னின் ஸ்டீல் உறை உருகுவது சுமார் 1,400ல். ஆக்சைடு எரிபொருள் உருகுவது சுமார் 2,750ல். கோரின் நடுவில் சோடியம் ஆவியானால் வினைத்திறன் கூடும். எரிபொருள் சூடேறினால், அது இன்னும் அதிக நியூட்ரானை விழுங்கும் டாப்ளர் விளைவால் குறையும். இந்த இழுபறியில் திறன் ஏற, முதலில் உறை ஒழுகுகிறது, பிறகு எரிபொருள்.

ஒழுகியது சும்மா கீழே விழுந்துவிடாது. கோரின் நடுப்பகுதிதான் கொதிக்கிறது, மேல்முனையும் கீழ்முனையும் குளிர்ச்சி. மார்கழியில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தால் என்ன நடக்கிறது? உள்ளே கொஞ்சம் இளகியிருந்தாலும் கழுத்தில் உறைந்து அடைத்துக்கொள்ளும். பின்களின் இடுக்கில் உருகிய ஸ்டீலும் எரிபொருளும் அப்படித்தான் உறைந்து அடைக்கும். மேலும் கீழும் அடைபட்டு நடுவில் உருகல் குளமாகத் தேங்கினால், படி 2ல் சொன்ன திரளும் ஆபத்து வரும். அதனால்தான் ஜப்பானியரும் பிரெஞ்சுக்காரர்களும் கோருக்குள்ளேயே வடிகுழாய் வைத்து உருகலை வெளியே வடியவிடும் வடிவங்களை வரைந்தார்கள். வீட்டு மாடியில் மழைநீர்க் குழாய் வைப்பது போன்ற யோசனைதான்.

சின்ன விபத்துக் கதையும் ஒன்று உண்டு. 1966 அக்டோபர் 5, டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் ஃபெர்மி-1. அடியில் பொருத்தியிருந்த ஒரு சிர்கோனியத் தகடு கழன்று, சோடியம் நுழையும் வழியை அடைத்தது. இரண்டு சப்அசெம்பிளிகளில் எரிபொருள் உருகியது. இப்போது சப்அசெம்பிளியின் காலில் சுற்றிலும் பல துளைகள் வைப்பது இதிலிருந்து கற்ற பாடம். ஒரு தகடு வந்து விழுந்தாலும் எல்லாத் துளையையும் மூட முடியாது.

படி 4: தொடும் இடத்தின் வெப்பநிலை

இப்போது என் கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று எண்கள் தேவை: வெப்பக் கடத்துதிறன், அடர்த்தி, தன்வெப்பம், எல்லாம் எஸ்.ஐ. அலகில். மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். அதை அந்தப் பொருளின் 'வெப்பப் பிடிவாதம்' என்று நான் சொல்வேன். பாடப்புத்தகத்தில் வேறு பெயர் இருக்கும். இரண்டு பொருள்கள் தொட்டால், யாருடைய பிடிவாதம் பெரியதோ அவர் பக்கம் வெப்பநிலை சாயும்.

உருகிய ஆக்சைடு: 3, 8,700, 500. வர்க்கமூலம் சுமார் 3,600.
500 டிகிரி சோடியம்: 68, 830, 1,260. சுமார் 8,400.
30 டிகிரி தண்ணீர்: 0.6, 1,000, 4,180. சுமார் 1,600.

எரிபொருள் 3,000 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் வெப்பநிலையையும் அதன் பிடிவாதத்தால் பெருக்கிக் கூட்டி, பிடிவாதங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். சோடியத்தோடு: 3,000 × 3,600 உடன் 500 × 8,400ஐக் கூட்டி 12,000ஆல் வகுத்தால் 1,250 டிகிரி. தண்ணீரோடு: சுமார் 2,090 டிகிரி.

இந்த இரண்டு எண்ணையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருங்கள். தண்ணீரின் மாறுநிலை வெப்பநிலை 374 டிகிரி. 2,090ல் தண்ணீர் திரவமாகத் தொடவே முடியாது. நடுவே ஆவிப்படலம் விரிந்துவிடும். நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளிகள் உருண்டு உருண்டு ஓடுமே, அதே கதை. அந்தப் படலம் திடீரென்று உடைந்தால் ஒரே நேரத்தில் நிறையத் தண்ணீர் கொதித்து, ஆவி வெடிப்பு நேரலாம்.

சோடியத்தில் 1,250. கொதிநிலையான 883ஐவிட அதிகம், அதனால் கொதிக்கும். ஆனால் சோடியம் எந்தத் தூசியும் கீறலும் துணைக்கு இல்லாமல் தன்னுள்ளேயே குபீரென்று ஆவியாக ஏறக்குறைய 2,000 டிகிரி வேண்டும். அங்கே போய்ச் சேரவில்லை. இந்த ஒப்பீட்டை வைத்துத்தான் உலைப் பாதுகாப்பு ஆய்வாளர் ஹான்ஸ் ஃபௌஸ்கே, சோடியத்தில் பெரிய அளவு ஆவி வெடிப்புக்கு வாய்ப்புக் குறைவு என்று வாதிட்டார். இன்னொன்றும் கவனியுங்கள்: 1,250 என்பது எரிபொருளின் உருகுநிலைக்கு வெகு கீழே. தொட்ட கணமே துளியின் மேல் தோல் உறைந்துவிடும்.

குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு மாணவி இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, "அப்போ தண்ணிதான் சார் மோசம், சோடியம் சாது" என்றாள். அவசரப்படாதே அம்மா என்றேன். இந்தச் சூத்திரம் உறைவதன் உள்ளுறை வெப்பத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு பொருளும் முடிவில்லாத தடிமனுள்ளவை என்று எண்ணிக்கொள்கிறது. பெரிய வெடிப்புக்கு வாய்ப்பில்லை என்பதால் சின்னச் சின்ன அழுத்த அதிர்ச்சிகள் இல்லை என்றாகாது. தவிர, காற்றையும் தண்ணீரையும் கண்டால் சோடியம் சாதுவா என்பது தனிக் கதை.

படி 5: எவ்வளவு பொடியாகும்

சின்ன வயதில் வேலப்பாடியில் ஈயம் பூசுகிறவர் வருவார். துருத்தி ஊதி, பித்தளை அண்டாவைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, ஈயத்தைப் பஞ்சால் துடைத்துப் பூசுவார். கடைசியில் கரண்டியில் மிஞ்சியதைப் பக்கத்திலிருந்த தண்ணீர் வாளியில் உதறுவார். "தள்ளி நில்லு தம்பி, தெறிக்கும்" என்பார். வாளிக்கு அடியில் துழாவினால் சில துண்டுகள் மிளகு மாதிரி மழமழவென்று இருக்கும். சில, பொரி மாதிரி உப்பி, முள் முள்ளாக இருக்கும். ஒரே ஈயம், ஒரே வாளி. அதிகம் காய்ந்தது பொரியானது என்று எனக்குப் புரியவே இருபது வருடம் ஆயிற்று. (இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். உருகிய உலோகத்துக்கு அடியில் தண்ணீர் சிக்கிக்கொண்டால் முகத்தில் அடிக்கும்.)

துளி உடைவதற்குக் காரணம் இரண்டு வகை. ஒன்று இயக்கம்: விழும் வேகம் துளியைப் பிய்க்கப் பார்க்கும், பரப்பு இழுவிசை சேர்த்துப் பிடிக்கும். சோடியத்தின் அடர்த்தி, வேகத்தின் வர்க்கம், துளியின் விட்டம் மூன்றையும் பெருக்கிப் பரப்பு இழுவிசையால் வகுத்தால் வெபர் எண். அது சுமார் 12ஐத் தாண்டினால் துளி நிற்காது. உருகிய ஆக்சைடின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு அரை நியூட்டன் அளவு. வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் விழுந்தால் தாக்குப்பிடிக்கும் துளி 0.8 மில்லிமீட்டர். அரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே ஏறக்குறைய அந்த வேகம் வந்துவிடும்.

ஆனால் சோதனைகளில் கிடைத்த துகள்களில் பெரும்பங்கு இதைவிடச் சின்னது, மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு. ஆற்று மணல், நைஸ் மணல் அளவு. அங்கேதான் இரண்டாவது வகை வருகிறது. உறைந்த தோலைச் சுற்றிச் சோடியம் கொதித்து அடங்குகிறது. தோல் சுருங்கி வெடிக்கிறது. உள்ளே இருக்கும் திரவம் விரிசல் வழியாகப் பிதுங்குகிறது. துகள்களை நுண்ணோக்கியில் பார்த்தால் மழமழ உருண்டைகளும் கண்ணாடிச் சில்லு போன்ற கூரிய துண்டுகளும் கலந்திருக்கும். உருண்டையாக இருப்பது திரவமாகவே பிரிந்தது, சில்லு உறைந்தபின் உடைந்தது. எது எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது முதல் ஆறு மாதத்துக்கு நல்ல வேலை.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்ய வழக்கமாக எடுப்பது வுட்ஸ் மெட்டல். பிஸ்மத், காரீயம், வெள்ளீயம் (அண்டாவில் பூசுவது), காட்மியம் சேர்ந்த கலவை. சுமார் 70 டிகிரியில் உருகும். அடர்த்தி உருகிய ஆக்சைடுக்குப் பக்கத்தில் வரும். வெந்நீரில் உருக்கி, கண்ணாடிக் குழாய்த் தண்ணீரில் ஊற்றி, வேகமான கேமராவில் பிடிக்கலாம். காட்மியம் விஷம், கையுறையும் புகைப்போக்கியும் இல்லாமல் தொடக் கூடாது. காட்மியமும் காரீயமும் இல்லாத ஃபீல்ட்ஸ் மெட்டல் கிடைத்தால் அதையே வாங்குங்கள், விலை எகிறும், பரவாயில்லை. இன்னொன்று: இந்த உலோகத்தின் சூட்டில் தண்ணீர் கொதிக்காது. ஆகவே இதில் தெரிவது முதல் வகை உடைப்பு மட்டும். இரண்டாவது வகையைப் பற்றி இதை வைத்து ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

நான் படித்த காலத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நானும் நண்பனும் இதை ஊற்றினோம். பத்து முறை ஊற்றியும் அடியில் அடை மாதிரி ஒரே வில்லை. கேமராவைத் திட்டினோம், தண்ணீரை மாற்றினோம், இரண்டு மாதம் போனது. கடைசியில் பார்த்தால் ஊற்றும் புனல் சில்லென்று இருந்திருக்கிறது. உலோகம் உருகுநிலைக்கு மேலே ஐந்து டிகிரிகூட இல்லாமல், பாதி உறைந்தே இறங்கியிருக்கிறது. அன்று முதல் நோட்டில் முதல் பத்தி 'புனலின் வெப்பநிலை'தான். உலையிலும் குறுகிய வழியில் உருகல் உறைவது இதே காரணத்தால்தான் என்பது அப்புறம் உறைத்தது.

படி 6: மற்றவர்கள் செய்ததைப் பாருங்கள்

நிஜ எரிபொருளை நிஜமாகவே உருக்கிப் பார்த்த இடங்கள் சிலவே. இடாஹோவின் ட்ரீட் உலை 1959 முதல் 1994 வரை ஓடி, 2017ல் மீண்டும் தொடங்கியது. பிரான்ஸின் கதராஷில் காப்ரி, ஸ்கராபே என்ற சோதனை வரிசைகள். கஜகஸ்தானில் ஜப்பானோடு சேர்ந்து செய்த ஈகிள் சோதனைகள். கல்பாக்கத்திலேயே சோஃபி என்ற சோடியம்-எரிபொருள் சோதனைக் கூடம் உண்டு. மென்பொருளில் இரண்டு பெயர் போதும்: உருகத் தொடங்கும் கட்டத்துக்கு சாஸ்4ஏ, குளமாக ஆனபின் சிம்மர். இவற்றின் வெளியீட்டை முன் படிகளின் எண்களோடு ஒப்பிடத் தெரிந்த பிறகு தொடுங்கள். 1986 ஏப்ரல் 3 அன்று இ.பி.ஆர்.-2ல் பம்பை நிறுத்தி, கோல்களை இறக்காமலே விட்ட சோதனையையும் படியுங்கள். அது உலோக எரிபொருள். எதுவும் உருகாமல் உலை தானாகவே அடங்கியது. உருகலைப் படிக்கிறவருக்கு உருகாத கதையும் தெரிந்திருக்க வேண்டும்.

படி 7: ஒரு டம்ளர் பாலாற்று மணல்

பொடியாகி விழுந்தது கோர் கேட்சர் தட்டில் படுகையாகக் குவியும். தொடர்வினை நின்றாலும் மிச்ச வெப்பம் நிற்காது. ஒரு மணி நேரம் கழித்துப் பழைய திறனில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், ஒரு நாள் கழித்து அரை சதவீதம் அளவு.

பி.எஃப்.பி.ஆரின் கோர் கேட்சருக்கு எடுத்துக்கொண்ட கணக்கு, ஒரு சப்அசெம்பிளி முழுக்க அடைபட்டு, அது உருகிச் சுற்றியிருக்கும் ஆறையும் சேர்த்து இழுத்து, ஏழு கீழே வருவது. 1,250ஐ 181ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 7 மெகாவாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஏழுக்கு 48. அதில் ஒரு சதவீதம், ஏறக்குறைய அரை மெகாவாட். இரண்டு கிலோவாட் இண்டக்ஷன் அடுப்பு 240ஐ ஒரே தட்டின் மேல் வைத்து ஏற்றினது மாதிரி. இந்தச் சூட்டைச் சோடியம் வாங்கிப் போக வேண்டும். தொட்டியிலிருந்து அதை வெளியேற்ற, பம்பு இல்லாமல் இயற்கைச் சுழற்சியிலேயே ஓடும் நான்கு சுற்றுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 8 மெகாவாட். ஆக, வெளியேற்றும் வழி தாராளம். சிக்கல் படுகைக்கு உள்ளே.

டம்ளர் நிறைய உலர்ந்த மணல் எடுங்கள், தட்டாமல். இன்னொரு டம்ளரில் தண்ணீரை அளந்து, மணலின் மேல்மட்டம் பளபளக்கும்வரை மெல்ல ஊற்றுங்கள். எவ்வளவு பிடித்தது? டம்ளரில் நூற்றுக்கு நாற்பது பங்கை ஒட்டி வரும். கோடையில் பாலாற்றில் ஊற்று தோண்டினால் தண்ணீர் சுரப்பது இந்த நாற்பதிலிருந்துதான். எரிபொருள் படுகையிலும் சோடியம் இருக்கும் இடம் இதுவே. துகள் ஒழுங்கற்று இருந்தால் இன்னும் கூடும். உள்ளே சோடியம் கொதித்தால் ஆவி மேலே வர வேண்டும், திரவம் கீழே இறங்க வேண்டும், இரண்டுக்கும் அதே சந்துதான். மண்டி வீதியில் காலை நேரத்தில் இரண்டு லாரி எதிரெதிரே வந்தது மாதிரி. ஆவி ஜெயித்தால் அடிப்பகுதி வறண்டு, துகள் மறுபடி உருகத் தொடங்கும்.

இப்போது அதே மணலைச் சல்லடையில் சலித்து, நைஸை மட்டும் எடுத்துத் திரும்ப ஊற்றுங்கள். பிடிக்கும் அளவு பெரிதாக மாறாது, ஆனால் தண்ணீர் இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். படி 5ல் 'நன்றாகப் பொடியானால் நல்லது' என்று நினைத்திருப்பீர்கள். திரளாமல் இருக்க நல்லதுதான். குளிர்வதற்கு அவ்வளவு நல்லதல்ல. கடைசியாக மணலை ஒரு தட்டில் மேலிருந்து கொட்டுங்கள். கூம்பாக நிற்கும். உச்சிக்கு நேர் கீழேதான் படுகை அதிகத் தடிமன், முதலில் வறளும் இடமும் அதுதான். தட்டின் விளிம்பை விரலால் தட்டிக்கொண்டே இருங்கள், கூம்பு சரிந்து சமமாகும். உலையில் அப்படித் தட்டிவிடும் வேலையைக் கொதிக்கும் சோடியமே செய்கிறது. எத்தனை தட்டுக்கு எவ்வளவு உயரம் குறைந்தது என்று ஒரு ஸ்கேலை வைத்து அளந்து, நோட்டில் எழுதிக்கொண்டு திண்ணைக்கு வாருங்கள். மடிக்கணினியை அன்றைக்குத் திறக்கலாம்.